கிட்னி மாத்த முதல் வீட்டுக்காரர் எல்லாருக்கும் ஊசியோ? மாமா மாட்டன் எண்டுறார்

முறிகண்டியான் | மாலை 6.40

வணக்கம். நேரா விசயத்துக்கு வாறன்.

தம்பிக்கு 34 வயது. நெடுங்கேணிப் பக்கம் கலியாணம் கட்டிப்போய் அங்கை கமம் செய்தவன். ரெண்டு கிட்னியும் போட்டுது. சீனி வருத்தம் இல்லை, பிரசரும் முந்தி இருக்கேல்லை. ஏன் வந்தது எண்டு ஒருத்தரும் உறுதியாச் சொல்லேல்லை. தண்ணி எண்டுகினம், மருந்தடிச்சது எண்டுகினம், வெயில் எண்டுகினம். இப்ப டயலிசிஸிலை ஓடுது. அக்கா தன்ரை கிட்னியைக் குடுக்கிறன் எண்டு நிக்கிறா. பொருத்தமும் பாத்தாச்சு, சரி.

மாத்துற இடத்திலை ஒரு பட்டியல் தந்திருக்கினம். செங்கண்மாரி பி (ஹெப்பரைற்றிஸ் பி) ஊசி முடிக்கோணும், பிறகு ரத்தத்திலை எதிர்ப்புச் சக்தி வந்திட்டுதோ எண்டு பாக்கோணும். நியூமோனியா ஊசி. கொப்புளிப்பான் (சிக்கன்பொக்ஸ்) வராத ஆளெண்டா அதுக்கு ஒண்டு. சின்னமுத்து (மீசில்ஸ்) ஊசி போட்டதுக்கு அத்தாட்சி. அத்தாட்சிக்கு நான் எங்கை போறது? எங்கடை கிளினிக் கொப்பியள் எல்லாம் 2009 இலை மாத்தளனிலை பங்கருக்குள்ளை கிடந்து போட்டுது.

அதோடை முடியேல்லை. வீட்டிலை இருக்கிற ஆக்களும் ஊசி போட்டிருக்கோணுமாம். அம்மான்ரை தம்பி, எங்கடை மாமா, எங்களோடைதான் இருக்கிறார். "கிட்னி மாத்திறது அவனுக்கோ எனக்கோ? நான் ஒரு ஊசியும் போடன்" எண்டு நிக்கிறார். அம்மா அழுறா. மாமி கதைக்கிறேல்லை.

ஊசி போட்டு முடியுமட்டும் ஒப்பரேசனைத் தள்ளிப்போடுறது நியாயமோ? ஒவ்வொரு மாதமும் டயலிசிஸிலை பெடியன் கரைஞ்சுகொண்டு போறான்.


கமக்காரன்_ஒட்டுசுட்டான் | மாலை 7.05

மாமா பிழையா ஒண்டும் சொல்லேல்லை. ஊசி போட்டாத்தான் கிட்னி எண்டா அதுக்குப் பேர் வைத்தியமில்லை, மிரட்டல். படுக்கையிலை கிடக்கிறவனிட்டை எதையும் எழுதி வாங்கலாம்.

எங்கடை சனத்துக்கு ஊசி எண்டாப் பயம் ஏன் எண்டு கொழும்பிலை இருக்கிறவைக்கு விளங்காது. 2013 இலை வேரவில், கிராஞ்சி, வலைப்பாட்டுப் பக்கம் பொம்பிளையளுக்கு வடிவா விளக்கம் சொல்லாமல் கையிலை குடும்பக் கட்டுப்பாட்டுக் குச்சி வைச்சவை எண்டு குற்றச்சாட்டு எழும்பினது ஞாபகம் இருக்கோ? பிள்ளையளுக்கு நிறை பாக்க வாங்கோ எண்டு கூப்பிட்டுத்தான் செய்தது எண்டு அந்தச் சனம் சொன்னது. அப்படிப்பட்ட இடத்திலை நிண்டுகொண்டு "போடு, கேள்வி கேளாதை" எண்டா ஆர் போடுவினம்?


வெள்ளைச்சப்பாத்து | இரவு 8.20

நான் டயலிசிஸ் பிரிவில் வேலை செய்த தாதி. கமக்காரன் அண்ணை சொன்ன பயத்தை நான் சிரித்துத் தட்டிவிடமாட்டேன், அது உண்மையான பயம். ஆனால் முறிகண்டியான் தம்பியின் பட்டியல் வேறு கதை. அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கவேணும், எல்லா ஊசியும் ஒரே காரணத்துக்காகக் கேட்கப்படுவதில்லை.

செங்கண்மாரி பி. இந்த ஊசி எங்கள் நாட்டின் தேசிய அட்டவணைக்குள் வந்தது 2003 இல். உங்கள் தம்பி அதற்கு முந்திப் பிறந்தவர், சின்ன வயதில் கிடைத்திருக்காது. டயலிசிஸ் இயந்திரத்தில் ஒருவருக்குப் பின் ஒருவர் ஏறுகிறார்கள். இந்தக் கிருமி உள்ளவருக்குத் தனி இயந்திரம் வேணும், அவ்வளவு லேசாக இரத்தத்தால் தொற்றும். ஆகவே இது பக்கத்துக் கட்டில்காரருக்காகவும் போடுகிற ஊசி. கிட்னி பழுதானவர்களின் உடம்பு ஊசிக்குச் சரியாக மறுமொழி சொல்லாது. அதனால்தான் சாதாரண ஆட்களுக்குப் போடும் அளவைப்போல இரண்டு மடங்கு, அதிகமாக 0, 1, 2, 6 மாதம் என்று நான்கு முறை. முடிந்து ஒன்று இரண்டு மாதத்தில் இரத்தம் எடுத்து எதிர்ப்புச் சக்தி 10 க்கு மேல் வந்ததோ என்று பார்ப்பார்கள். வராவிட்டால் திரும்பவும் ஒரு சுற்று.

நியூமோனியா, புளூ ஊசிகள் முக்கியமாக அவருடைய சொந்தப் பாதுகாப்புக்கு. இவை செத்த கிருமி அல்லது கிருமியின் துண்டு. மாற்றிய பிறகும் போடலாம், ஆனால் அப்போது பிடிப்பது குறைவு. முதலே போட்டால் ஒப்பரேசனுக்குக் குறைந்தது இரண்டு கிழமை முன்னம் முடித்துவிட வேணும்.

கொப்புளிப்பானும் சின்னமுத்தும்தான் அவசரம். அந்த ஊசிகளில் இருப்பது உயிருள்ள, பலங்குறைத்த கிருமி. கிட்னி மாற்றியபின் உடம்பு அதைத் தள்ளாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கி வைப்பார்கள். அந்த நிலையில் உயிருள்ள கிருமியை உள்ளே விட ஏலாது. பலங்குறைந்த கிருமியே வருத்தமாக மாறிவிடும். ஒப்பரேசனுக்குக் குறைந்தது நான்கு கிழமைக்கு முதல் போட்டால் போட்டதுதான், பிறகு அந்தக் கதவு அநேகமாகப் பூட்டு. இதை "ஊசி போடாட்டிக் கிட்னி இல்லை" என்று விளங்கக்கூடாது. "இப்ப போடாட்டிப் பிறகு போட ஏலாது" என்பதுதான் விசயம். அங்கே இதைச் சொன்ன விதம் எப்படி என்று எனக்குத் தெரியாது. பட்டியலைக் கையில் தந்து அனுப்பிவிட்டு விளக்காமல் விட்டிருந்தால் அது அவர்களின் குறை.

கொப்பி தொலைந்ததற்குப் பயப்பட வேண்டாம். சின்னமுத்துக்கும் கொப்புளிப்பானுக்கும் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கோ என்று பார்க்கலாம். பார்க்க வசதியில்லை என்றால் போடாத ஆளாகவே எடுத்துப் போடுவார்கள். முந்திப் போட்டவருக்குத் திரும்பப் போட்டால் கேடு இல்லை.


இரண்டாம்_பிறப்பு | இரவு 9.02

அக்கா சொன்னதிலை ஒரு சொட்டும் குறைக்க ஏலாது. நான் மாத்தின ஆள், மாங்குளம்.

எனக்குக் கொப்புளிப்பான் எதிர்ப்பு ரத்தத்திலை இருந்தது. ஏன் தெரியுமோ? செட்டிகுளம் முகாமிலை வந்தது. கூடாரம் முழுக்கப் பரவி, சொறிஞ்சுகொண்டு படுத்துக் கிடந்தம். அந்தக் கேவலம் பிறகு ஒரு ஊசிக்காசை மிச்சம் பிடிச்சுத் தந்தது. கொப்புளிப்பான் ஊசி அரசாங்க அட்டவணையிலை இல்லை, பிரைவேட்டிலை வாங்கோணும், காசு.

முறிகண்டியான் தம்பி, மாமாவுக்கு அம்மாள், அதுதான் கொப்புளிப்பான், வந்ததோ எண்டு முதல் கேளுங்கோ. வந்திருந்தா அந்த ஊசி அவருக்குத் தேவையே இல்லை. பாதிச் சண்டை அதிலை முடியும்.

இன்னொண்டு. மாத்தினவைக்கு அம்மாள் வந்தா வேப்பிலை கட்டி, மருந்து குடுக்காமல் வீட்டிலை வைச்சிருக்கிற பழக்கம் இருக்கெல்லோ, அது ஆளைக் கொல்லும். நுரையீரல், ஈரல் எல்லாத்துக்கும் இறங்கும். வேப்பிலை கட்டுங்கோ, வேண்டாமெண்டேல்லை, ஆனா அண்டைக்கே ஆஸ்பத்திரி. வந்த ஆளோடை ஒரே அறையிலை இருந்திட்டான் எண்டாலே, கொப்புளம் ஒண்டும் வராட்டிலும், உடனை சொல்லோணும். அதுக்கெண்டு மருந்து இருக்கு, நாள் பிந்தினாப் பிரயோசனமில்லை.


ஸ்காபரோ_பெடியன் | இரவு 10.47

கனடாவிலை இது கோட்டுவரைக்கும் போனது. அல்பேர்ட்டா மாகாணத்திலை உறுப்புக்குக் காத்திருந்த ஒரு பெண் கோவிட் ஊசி போடமாட்டன் எண்டு சொல்ல, பட்டியலிலை அவவின்ரை இடத்தை நிப்பாட்டிப்போட்டினம். 2022 நவம்பரிலை மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றம் வைத்தியர்கள் எடுத்த மருத்துவ முடிவிலை தலையிட மறுத்திட்டுது. 2023 யூனிலை உயர் நீதிமன்றம் வழக்கை எடுக்கவே இல்லை. அந்த ஓகஸ்டிலை அவ செத்துப்போனா.

இங்கை எங்கடை சனத்துக்குள்ளையே ரெண்டு பக்கம். என்ரை சித்தப்பா "சட்டம் சட்டம்தான்" எண்டுவார். எனக்கு இண்டைக்கும் அது தொண்டையிலை நிக்குது. ஊசி போடாததுக்குத் தண்டனை சாவோ?


குளக்கட்டு | காலை 6.15

ஸ்காபரோ தம்பி, அந்த வழக்கை இங்கே அப்படியே தூக்கி வைக்க முடியாது.

அங்கே உறுப்பு இறந்தவரிடமிருந்து வருவது. ஒரு உறுப்பு, பல பேர் வரிசை. அதை ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்கு இல்லை. கொடுத்த உறுப்பு தடுக்கக்கூடிய ஒரு தொற்றால் வீணானால், கிடைக்காமல் போன அந்த மற்ற ஆளுக்கு என்ன பதில் என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. தண்டனை என்று அதைச் சொல்வது சரியில்லை.

முறிகண்டியான் வீட்டில் வரிசை இல்லை. அக்காவின் கிட்னி தம்பிக்கு என்றே வருகிறது, தம்பி வேண்டாம் என்றால் அது அக்காவோடேயே இருக்கும். ஆகவே "அரிதான உறுப்பு" என்ற வாதம் இங்கே காலூன்றாது. பிறகு யாருக்கு நிபந்தனை போட உரிமை இருக்கிறது? என் கணக்கில் ஒரே ஒரு ஆளுக்கு. அக்காவுக்கு. சுகமாக இருக்கிற ஒரு பெண் வயிற்றைக் கீறித் தன் உடம்பில் ஒன்றைக் கழற்றிக் கொடுக்கிறாள். தனக்கு ஒரு மருத்துவ நன்மையும் இல்லை. "நான் இதைத் தாறன், நீ அதைக் காப்பாத்த எல்லாம் செய்வியோ?" என்று கேட்கிற உரிமை அவளுக்கு மட்டும்தான் முழுசாக இருக்கிறது. அந்தக் கேள்வியை மாமாவிடமும் அவள் கேட்கலாம்.

அக்காவிடம் யாராவது கேட்டீர்களா? முதல் பதிவில் தம்பி இருக்கிறார், மாமா இருக்கிறார், அம்மா அழுகிறா, மாமி முகம் திருப்புகிறா. கொடுக்கிறவள் ஒரு வரியில் வந்து போய்விட்டாள்.


ஸ்காபரோ_பெடியன் | காலை 6.58

வரிசை இல்லாத இடத்திலையும் கேட்டிருக்கினம் அண்ணை. 2021 இலை அமெரிக்காவிலை கொலராடோவிலை ஒரு பெண்ணுக்குத் தெரிஞ்ச ஆளே கிட்னி குடுக்க வந்தவ. ரெண்டு பேரும் ஊசி போடேல்லை எண்டு ஆஸ்பத்திரி செய்யமாட்டம் எண்டது. குடுக்கிறவவுக்கும் சேத்துத்தான் நிபந்தனை.


குளக்கட்டு | காலை 7.20

ஓம், தெரியும். அங்கே சொன்ன காரணம் ஒப்பரேசன் நேரத்தில் கோவிட் பிடித்தால் மாற்றினவருக்குச் சாவு அபாயம் கூட என்பது. அது ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் "இந்த அபாயத்தோடு நான் கத்தி எடுக்கமாட்டேன்" என்று சொல்வது. அந்த உரிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு அபாயம் பெரிதாக இருக்கவேணும், ஊசி அதைக் குறைக்கவேணும். இரண்டையும் காட்டாமல் பொதுவாக ஒரு பட்டியலை நீட்டக்கூடாது.


கமக்காரன்_ஒட்டுசுட்டான் | காலை 7.41

பாத்தியளோ, இப்ப அக்கான்ரை தலையிலை போட்டாச்சு. "கிட்னி குடுத்தனான், நீ நான் சொல்லுறதைக் கேள்" எண்டு தொடங்கினா எங்கை போய் முடியும்? நாளைக்குக் கமத்துக்குப் போகாதை, கோயிலுக்குப் போகாதை, மற்றப் பிள்ளை பெறாதை எண்டெல்லாம் வரும். குடுத்தது குடுத்ததுதான். கணக்கு வைக்கிறது வட்டிக்காரன்.


இரண்டாம்_பிறப்பு | காலை 8.30

கமக்காரன் அண்ணை, இது பட்டவனுக்குத் தெரியும். எனக்குத் தந்தவ மனிசி. அவ ஒருநாளும் கணக்குக் கேக்கேல்லை. நான் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகோணும் எண்டு நிண்டன், மாத்தின முதல் வருசம். லட்சக்கணக்கிலை சனம். அவ வேண்டாமெண்டு சொல்லேல்லை, பேசாமல் இருந்தா. நான் போகேல்லை. அந்தப் பேசாமல் இருக்கிறதும் ஒரு பாரம்தான், அதை நான் மறைக்கேல்லை. அதாலைதான் சொல்லுறன், குடுக்க முதலே கதைச்சு முடியுங்கோ. குடுத்த பிறகு கேட்டாக் கடன் மாதிரிப் போகும், முதல் கேட்டா ஒப்பந்தம்.

மாமான்ரை கதைக்கு வாறன். "ஊசி போட்டது அவனைக் காக்கும்தானே, நான் ஏன்" எண்டு கேப்பார். அவனைக் காக்காது எண்டதுதான் விசயமே. 2021 இலை அமெரிக்காவிலை உறுப்பு மாத்தின 658 பேரைப் பாத்தவை. கோவிட் ஊசி ரெண்டும் போட்ட பிறகு 54 சதவீதம் பேருக்குத்தான் எதிர்ப்புச் சக்தி வந்தது. மற்றவைக்கு ரத்தத்திலை காணவே இல்லை. சுகமான ஆக்களுக்கு எல்லாருக்கும் எண்ட மாதிரி வரும். எதிர்ப்புச் சக்தியை அடக்க நாங்கள் விழுங்கிற மைக்கோபினோலேற் குளிசைதான் இதிலை பெரிய எதிரி. அதை நிப்பாட்டவும் ஏலாது, நிப்பாட்டினாக் கிட்னி போகும். ஆக, எனக்கு நான் போடுற ஊசி அரைவாசி. மிச்ச அரைவாசி என்னைச் சுத்தி இருக்கிறவையின்ரை கையிலை.


வெள்ளைச்சப்பாத்து | காலை 9.15

மேலே சொன்னதற்கு ஒரு சேர்க்கை: சின்னமுத்து இல்லாத நாடு என்று 2019 இல் எங்களுக்குச் சான்றிதழ் கிடைத்தது. 2023 இல் திரும்ப வந்துவிட்டது. "இப்ப ஆருக்கு வருது" என்று யாரும் சொல்ல வேண்டாம்.

வீட்டாருக்கு எந்த ஊசி போடலாம் என்பதிலும் குழப்பம் இருக்கிறது. புளூ ஊசி, சின்னமுத்து ஊசி, கொப்புளிப்பான் ஊசி மூன்றும் வீட்டாருக்குத் தாராளமாகப் போடலாம், போடவும் வேணும். கொப்புளிப்பான் ஊசி போட்டவருக்குத் தோலில் பருக்கள் வந்தால் மட்டும் அவை காயும்வரை தம்பியோடு ஒட்டி இருக்கக்கூடாது. வீட்டில் கவனிக்கவேண்டிய ஒன்று போலியோச் சொட்டு. அது உயிருள்ள கிருமி, பிள்ளையின் மலத்தில் கிழமைக்கணக்கில் வெளியேறும். சின்னப் பிள்ளை இருக்கிறதோ உங்கள் வீட்டில்?


முறிகண்டியான் | பகல் 12.10

இருக்கு அக்கா! தம்பின்ரை பெடியன்தான். அடுத்த மாதம் ஒண்டரை வயது. சொட்டு மருந்து அப்பத்தான்.

எல்லாருக்கும் நன்றி. காலமை மாமாவோடை இருந்து கதைச்சன். குளக்கட்டு அண்ணை சொன்ன மாதிரி அக்காவைக் கூப்பிட்டு முன்னாலை இருத்திப்போட்டுத்தான் கதைச்சன். அக்கா சொன்ன ஒரே வசனம்: "மாமா, நான் போடச்சொல்லிக் கேக்கேல்லை. போடாட்டி முதல் கொஞ்ச மாதம் எங்கை இருக்கப்போறியள் எண்டு மட்டும் சொல்லுங்கோ." மாமா எழும்பிப்போய் முத்தத்திலை நிண்டார்.

பிறகு தெரிஞ்சுது, அவருக்கு இளந்தாரியிலை அம்மாள் வந்தது. ஆக அந்த ஊசி தேவையில்லை. மிச்சம் புளூ ஊசிதான். அதுக்கும் இன்னும் ஓம் எண்டேல்லை. விசுவமடுவிலை மச்சாள் வீட்டை போய் நிக்கிறன் எண்டுறார். கோவம்தான், ஆனா போறன் எண்டுறார்.


கமக்காரன்_ஒட்டுசுட்டான் | பகல் 12.31

ஒரு வயசாளியை வீட்டை விட்டுக் கலைச்சாச்சு. சந்தோசம்.


குளக்கட்டு | பகல் 12.50

கலைக்கவில்லை அண்ணை. போடாமல் இருக்கிற உரிமை அவருக்கு இருக்கிறது, அதை யாரும் தொடவில்லை. அந்த உரிமையின் செலவை மட்டும் தம்பியின் நுரையீரல் கட்டத் தேவையில்லை, மாமா கட்டட்டும். அடக்கும் மருந்து ஆகக் கூடுதலாக இருக்கும் அந்த முதல் மாதங்களுக்கு மட்டும்தான் கேட்கிறார்கள். ஆயுள் முழுக்க இல்லை.


மட்டுறுத்துனர் | பகல் 1.05

ஒரு பதிவில் ஆஸ்பத்திரிப் பெயரும் வைத்தியர் பெயரும் இருந்தது, எடுத்துவிட்டேன். கோவிட் ஊசியில் சிப் இருக்கிறது என்ற பதிவையும் எடுத்துவிட்டேன். அதற்கு வேறு இழை இருக்கிறது, அங்கே போய்ச் சண்டை பிடியுங்கள்.


வெள்ளைச்சப்பாத்து | பகல் 2.25

முறிகண்டியான் தம்பி, பிள்ளையின் ஒன்றரை வயதுச் சொட்டை ஒப்பரேசனுக்குப் பிறகு என்று தள்ளிப்போடாதீர்கள். எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) கந்தோருக்குப் போய், வீட்டில் கிட்னி மாற்றப்போகிற ஆள் இருக்கிறார் என்று குடும்பநல உத்தியோகத்தரிடம் இப்பவே சொல்லுங்கள். இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்குச் சொட்டுக்குப் பதிலாக, உயிரற்ற கிருமியால் செய்த போலியோ ஊசியைக் கேட்கலாம். சொட்டுத்தான் என்றால் ஒப்பரேசனுக்கு நன்றாக முந்திக் கொடுத்து முடித்துவிடுங்கள். எப்படியும் அந்தப் பிள்ளையின் மலசலம் கழுவுகிற வேலை தம்பிக்கு வேண்டாம், கழுவுகிறவர் சவர்க்காரம் போட்டுக் கை கழுவவேணும். பிள்ளையின் தடுப்பூசியை நிறுத்துவது மட்டும் பேச்சே இல்லை. அப்பாவின் உடம்புக்காகப் பிள்ளையைத் திறந்து வைக்க ஏலாது.


இரண்டாம்_பிறப்பு | பகல் 3.10

ஊசி ஊசி எண்டு கதைச்சு ஊசி இல்லாத வருத்தங்களை விட்டிட்டம். வன்னியிலை எங்களைப் பிடிக்கிறது அதுகள்தான்.

வயல் சேறு. எலிக்காய்ச்சல் 2024 டிசம்பரிலை யாழ்ப்பாணத்திலை ஆக்களைக் கொண்டுபோனது எல்லாருக்கும் தெரியும். அதே மழை, அதே சேறுதான் எங்களுக்கும். அதோடை மெலியோய்டோசிஸ் எண்டு ஒரு மண் கிருமி. சீனி வருத்தக்காரர், கிட்னிக்காரரைத் தேடிப் பிடிக்கும். தடுப்பூசி இல்லை. ரத்தத்தை வளத்துப் பாத்தாத்தான் தெரியும், அதிலையும் வேறை கிருமி எண்டு மாறி நினைக்க இடமிருக்கு. காய்ச்சல் எண்டு போனா "நான் கிட்னி மாத்தினவன், வயலுக்குள்ளை இறங்கினவன்" எண்டு ரெண்டையும் நீங்களாச் சொல்லோணும்.

வெறுங்காலோடை மண்ணிலை நடந்தவைக்கு உடம்புக்குள்ளை ஒரு புழு வருசக்கணக்கிலை சத்தமில்லாமல் இருக்கும். அடக்கிற மருந்து தொடங்கினோடனை பெருகி உடம்பெல்லாம் ஏறும். மாத்த முதலே அதுக்குச் சோதிச்சு மருந்து குடுப்பியளோ எண்டு கேளுங்கோ.

பக்கத்து டிஸ்பென்சரியிலை காய்ச்சலுக்கு எரித்ரோமைசின் தந்தா, நாங்கள் எடுக்கிற மற்ற அடக்கிற மருந்து டக்ரோலிமஸின்ரை அளவு ரத்தத்திலை ஏறும். காசநோய்க்கு றிஃபம்பிசின் தந்தா இறங்கும். ஏறினாலும் இறங்கினாலும் கிட்னிக்குத்தான் அடி. நோவுக்கு டைக்ளோபெனக் வேண்டவே வேண்டாம். குளிசைப் பேர் எழுதின துண்டு சட்டைப்பையிலை கிடக்கட்டும்.

நாய் கடிச்சா விசர்நாய் ஊசி போடலாம், அது உயிருள்ள கிருமி இல்லை. "மாத்தின ஆளுக்கு ஊசி கூடாது" எண்டு கேட்டதை வைச்சுக்கொண்டு அதைப் போடாமல் விட்டிடாதேங்கோ. மாத்தினவையெண்டா சின்னக் காயத்துக்கும் கூடுதலாத்தான் போடுவினம்.


கமக்காரன்_ஒட்டுசுட்டான் | மாலை 5.48

சரி, ஒரு கேள்வி. எலிக்காய்ச்சலுக்கு பி.எச்.ஐ. (சுகாதாரப் பரிசோதகர்) விதைப்புக் காலத்திலை ஒரு குளிசை தாறவர், டொக்சிசைக்கிளின், கிழமைக்கு ஒருக்கா 200 மில்லிகிராம். நான் எடுக்கிறனான். மாத்தின பெடியன் அதை எடுக்கலாமோ? எடுத்துக்கொண்டு காலபோகத்துக்கு வயலுக்குள்ளை இறங்கலாமோ? அவனுக்கு வயலை விட்டா வேறை என்ன தெரியும்.


வெள்ளைச்சப்பாத்து | மாலை 6.30

நல்ல கேள்வி அண்ணை. கிட்னிக்காக அந்தக் குளிசையின் அளவைக் குறைக்கத் தேவையில்லை, ஆனால் மாற்றின கிளினிக்கில் கேட்காமல் எதையும் தொடங்கக்கூடாது. குளிசை எலிக்காய்ச்சலுக்கு மட்டும், மண் கிருமிக்கு அதை நம்பி இறங்க ஏலாது. முதல் வருசம் சேற்றில் இறங்காமல் இருப்பதுதான் நல்லது. வரம்பில் நின்று வேலை சொல்லலாம், கணக்குப் பார்க்கலாம். பிறகு இறங்கித்தான் ஆகவேணும் என்றால் முழங்கால்வரை றப்பர் சப்பாத்து, கையுறை, காலில் காயம் இருக்கிற நாள் இல்லவே இல்லை. சூடடிக்கிற நாளும் வைக்கோல் போர் இழுக்கிற நாளும் அவர் அங்கே நிற்க வேண்டாம். பூஞ்சணத் தூசி நுரையீரலுக்குள் போனால் எடுப்பது பெரும்பாடு.


முறிகண்டியான் | இரவு 7.55

றப்பர் சப்பாத்து பரந்தன் சந்தியிலை கிடக்கு, கண்டனான். நாளைக்கு எம்.ஓ.எச். கந்தோர், வியாழன் ரத்தம் குடுக்கிறம், சின்னமுத்துக்கும் கொப்புளிப்பானுக்கும். ரிப்போட் வந்தோடனை இங்கை போடுறன். கமக்காரன் அண்ணை, நீங்கள் ஒட்டுசுட்டானிலை எந்தப் பக்கம்? தம்பின்ரை வயலை இந்தக் காலபோகத்துக்கு ஆரும் குத்தகைக்கு எடுப்பினமோ எண்டு பாத்துக்கொண்டிருக்கிறம்.


கமக்காரன்_ஒட்டுசுட்டான் | இரவு 8.12

எத்தனை ஏக்கர்? குளத்துத் தண்ணியோ, மானாவாரியோ? தனிமடலிலை போடுங்கோ.